பல ஒப்பீடுகளும் தற்செயல் வெற்றிகளும்

பெங்களூரு மாநகரின் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி, ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ளது பொம்மசந்திரா. தொழிற்பேட்டை என்ற அளவிலேயே பலரும் இவ்வூரை அறிவர். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரையிலான மெட்ரோ ரயில் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபின் இப்பெயர் நகர மக்களின் நாவில் மேலும் பழகிவிட்டது. இயந்திரப் பாகங்கள் செய்யும் பட்டறைகளுக்கு நடுவே உயிர்மருந்துகள் தயாரிக்கும் பயோகான் நிறுவனத்தின் வளாகமும், இதய சிகிச்சைக்குப் பெயர்பெற்ற நாராயணா மருத்துவ நகரமும், மரபணுச் சோதனை செய்யும் மெட்ஜீனோம் ஆய்வகமும் இங்கு உள்ளன. பொருள்களோடு புள்ளிவிவரங்களையும் பெருமளவில் விளைவிக்கும் ஊர் இது.

ஒரு மருந்து பயன் தருகிறதா, ஒரு மரபணு நோய்க்குக் காரணமா, ஒரு சிகிச்சை முறை மற்றொன்றைவிட மேலானதா என்ற வினாக்களுக்கு இங்கு எண்களின் வாயிலாக விடை தேடப்படுகிறது. அவ்விடையை நம்பி மருத்துவர் மருந்து எழுதுகிறார்; நோயாளி பணம் கொடுத்து வாங்குகிறார்; அரசு தன் திட்டங்களில் அதைச் சேர்க்கிறது. ஆகவே, எண்கள் எப்பொழுது உண்மை பேசுகின்றன, எப்பொழுது தற்செயலை உண்மைபோல் காட்டுகின்றன என்பதை அறிவது புள்ளியியலாருக்கு மட்டும் உரிய வேலையன்று. இதில் அடிக்கடி நேரும் ஓர் இடர்ப்பாடு ‘பன்முக ஒப்பீட்டுச் சிக்கல்’ எனப்படுகிறது. அதன் இயல்பையும், அதைக் கையாளும் வழிகளையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஐந்து சதவீதம் என்னும் அளவுகோல்

ஒரு புதிய மருந்தை நூறு பேருக்கும், மருந்தற்ற போலி மாத்திரையை வேறு நூறு பேருக்கும் கொடுத்து ஒப்பிடுவதாகக் கொள்வோம். மருந்துக்கு எவ்விதப் பயனும் இல்லாவிட்டாலும் இரு பிரிவினரின் சராசரியும் முற்றிலும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டால் சிறிதளவு ஏற்றத்தாழ்வு இருந்தே தீரும். எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தற்செயலுக்கு அப்பாற்பட்டதாகக் கொள்ளலாம் என்பதே கேள்வி.

இதற்குப் புள்ளியியலார் ஒரு முறை வகுத்துள்ளனர். முதலில், உண்மையில் வேறுபாடே இல்லை என்ற இன்மைக் கருதுகோளை வைத்துக்கொள்கின்றனர். அது சரியாக இருந்தால், காணப்பட்ட அளவோ அதற்கு மேலோ வேறுபாடு தோன்றுவதற்கான நிகழ்தகவு என்ன என்று கணக்கிடுகின்றனர். அந்நிகழ்தகவு 5 சதவீதத்துக்குக் குறைவானால் இன்மைக் கருதுகோளைத் தள்ளிவிடுகின்றனர். இந்த வரம்பே மிகைகாண் நிலை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் 1925 இல் வெளியிட்ட நூலின் வழியே இந்த ஐந்து சதவீதம் உலகெங்கும் பரவியது. அது இயற்கை விதித்த எண்ணன்று. வசதிக்காக ஏற்கப்பட்ட மரபு.

இம்மரபுக்குள் ஓர் ஒப்பந்தம் அடங்கியிருக்கிறது. பயனற்ற மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால், இருபதில் ஒன்றைப் பயனுள்ளது எனத் தவறாக அறிவிக்க நாம் உடன்பட்டிருக்கிறோம். ஒரே ஒரு வினாவை எழுப்பி ஒரே ஒரு முறை விடை தேடும்போது இந்த இடர் தாங்கக்கூடியதே. வினாக்கள் பெருகும்போது நிலைமை மாறிவிடுகிறது.

வினாக்கள் பெருகினால் என்ன ஆகும்?

ஒன்றையொன்று சாராத ஐந்து சோதனைகளைச் செய்தால், எதிலும் உண்மையான வேறுபாடு இல்லாதபோதும், குறைந்தது ஒன்றிலாவது போலி வெற்றி கிடைப்பதற்கான நிகழ்தகவு 23 சதவீதம். பத்துச் சோதனைகளில் அது 40 சதவீதம். இருபதில் 64 சதவீதம். நூறு சோதனைகளில் 99 சதவீதத்துக்கும் மேல். நூறு கதவுகளைத் தட்டுபவருக்கு ஏதேனும் ஒரு கதவு திறக்காமற் போகாது. திறந்த கதவை மட்டும் காட்டி, மூடிய தொண்ணூற்று ஒன்பதைப் பற்றி வாய் திறவாதிருந்தால், கேட்பவர் அதனைக் கண்டுபிடிப்பு என்றே கொள்வார்.

ஒப்பீடுகள் பெருகும் வழிகள் பல. ஒரே மருந்தின் பயனை இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, வலி எனப் பல அளவைகளால் பார்ப்பது ஒன்று. ஆண், பெண், இளையோர், முதியோர் எனத் துணைப்பிரிவுகளாகப் பிரித்துப் பார்ப்பது மற்றொன்று. பல மருந்தளவுகளை ஒரே ஆய்வில் ஒப்பிடுவது மூன்றாவது. ஆய்வு முடியுமுன் இடையிடையே கணக்குப் பார்ப்பது நான்காவது. இதுவே பெரிதும் கவனிக்கப்படாமற் போவது. ஒவ்வொரு முறையும் அதே ஐந்து சதவீத அளவுகோலை வைத்து ஐந்து முறை பார்த்தால், போலி வெற்றிக்கான வாய்ப்பு 14 சதவீதமாக உயர்ந்துவிடும். ‘சாதகமாக வந்தவுடன் நிறுத்திக்கொள்வோம்’ என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இது காட்டும்.

ராசி பார்த்து மருந்து கொடுக்கலாமா?

துணைப்பிரிவுகளின் மயக்கத்தை விளக்க மருத்துவ உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மாரடைப்புக்கு ஆளானவர்களிடம் ஆஸ்பிரின் மாத்திரையின் பயனை ஆராய்ந்த ‘ஐசிஸ் - 2’ என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 1988 இல் லான்செட் இதழில் வெளிவந்தன. 17,187 நோயாளிகள் பங்குகொண்ட அவ்வாய்வில், முதல் ஐந்து வாரங்களில் இதய - இரத்தக்குழாய் நோயால் நேர்ந்த இறப்புகளை ஆஸ்பிரின் 23 சதவீதம் குறைத்தது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

எந்தெந்தப் பிரிவினருக்கு எவ்வளவு பயன் என்ற பட்டியலையும் தருமாறு இதழின் சார்பில் கோரப்பட்டது. அத்தகைய பட்டியல்களை நம்புவதிலுள்ள ஆபத்தை உணர்த்த ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தனர். நோயாளிகளை அவரவர் பிறந்த ராசிப்படி பிரித்துக் கணக்கிட்டனர். மேனாட்டு முறைப்படி மிதுனம், துலாம் ஆகிய ராசிகளில் பிறந்தோருக்கு ஆஸ்பிரின் சற்றுத் தீங்கு செய்வதுபோலவும், ஏனைய பத்து ராசிக்காரர்களுக்குப் பெரும் நன்மை செய்வதுபோலவும் எண்கள் வந்தன! சோதிடத்தில் நம்பிக்கை உள்ள மருத்துவர்கூட ராசி கேட்டு ஆஸ்பிரினை நிறுத்தமாட்டார். ஆனால் ‘ராசி’ என்ற இடத்தில் ‘இரத்த வகை’ என்றோ ‘உணவுப் பழக்கம்’ என்றோ இருந்திருந்தால் அதனை நம்பப் பலர் முன்வந்திருப்பர். விளக்கம் எளிதாகத் தோன்றுவதாலேயே ஒரு முடிவு உண்மையாகிவிடாது என்பது இங்கே பெறப்படும் பாடம்.

பொம்மசந்திரா தரும் ஓர் எடுத்துக்காட்டு

இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பலருக்கு இன்சுலின் ஊசி அன்றாடத் துன்பம். ஊசிக்குப் பதிலாக வாய்வழி உட்கொள்ளும் இன்சுலின் கிடைக்குமானால் அது எத்துணைப் பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பயோகான் நிறுவனம் இத்தகைய மாத்திரை ஒன்றை ‘ஐஎன் - 105’ என்ற குறியீட்டுப் பெயரில் உருவாக்கி, இந்தியாவில் மூன்றாம் கட்ட மருத்துவ ஆய்வு நடத்தியது.

அதன் முடிவு 2011 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆய்வுக்கு முதன்மை அளவையாக முன்னரே குறிக்கப்பட்டிருந்தது, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை நிலையைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ என்ற இரத்தச் சோதனை. போலி மாத்திரையோடு ஒப்பிடுகையில் அந்த அளவையில் எதிர்பார்த்த குறைவு நிலைநாட்டப்படவில்லை. ஆனால் உணவுக்குப் பிந்திய சர்க்கரை அளவு போன்ற இரண்டாம் நிலை அளவைகளில் சாதகமான முடிவுகள் கிடைத்ததாக நிறுவனம் தெரிவித்தது.

இவ்விடத்தில்தான் பன்முக ஒப்பீட்டுச் சிக்கல் நேரடியாக எதிர்ப்படுகிறது. முதன்மை அளவை தோற்று, துணை அளவைகள் வென்றால் மருந்து வென்றதா, தோற்றதா? பல அளவைகள் இருக்கையில் ஏதேனும் ஒன்றிரண்டு தற்செயலாகவும் சாதகமாக வரக்கூடும். ஆகவே, எதைக் கொண்டு தீர்ப்புக் கூறப்படும் என்பதை ஆய்வுக்கு முன்னரே எழுதிவைக்க வேண்டும் என்பதும், அது தவறினால் மற்றவற்றின் வெற்றியைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்பதும் ஏற்கப்பட்ட நெறி. துணை அளவைகளின் வெற்றிக்கு மதிப்பில்லை என்பது இதன் பொருளன்று. அவை அடுத்த ஆய்வுக்குரிய கருதுகோளைத் தருகின்றன. சந்தைக்குச் செல்லும் அனுமதியைத் தருவதில்லை. நடந்ததும் அதுவே. மாத்திரை அப்போது விற்பனைக்கு வரவில்லை. பின்னர் ‘ட்ரெகோபில்’ என்ற பெயரில் அதன்மீது ஆய்வுகள் தொடர்ந்தன.

முதன்மை அளவையை முன்கூட்டிப் பதிவு செய்யாத ஒரு நாட்டில் இதே எண்கள் வேறுவிதமாக எடுத்துரைக்கப்பட்டிருக்கலாம். உணவுக்குப் பிந்திய சர்க்கரையே தொடக்கம் முதல் இலக்கு எனக் கூறிவிடுவது எளிது. இதைத் தடுக்கும் நோக்குடனேயே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னரே செய்யப்படும் பதிவுகளை மட்டுமே பதிவேடு ஏற்கிறது. முதன்மை அளவை எது, இரண்டாம் நிலை அளவைகள் எவை என்பவை பொதுமக்களும் காணுமாறு அதில் இடம்பெறுகின்றன.

திருத்தும் முறைகள்

பல வினாக்களை எழுப்பியே ஆகவேண்டிய ஆய்வுகளும் உண்டு. அவற்றுக்கென அளவுகோலைக் கடுமையாக்கும் முறைகள் உள்ளன. எல்லாவற்றிலும் எளியது பான்ஃபெரோனி முறை. இத்தாலியக் கணித அறிஞர் கார்லோ பான்ஃபெரோனி 1936 இல் வெளியிட்ட சமனின்மைகளை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்கப் புள்ளியியலார் ஆலிவ் ஜீன் டன் 1961 இல் இதனை ஒப்பீடுகளுக்குரிய கருவியாக்கினார். ஐந்து சதவீதத்தைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிட வேண்டும், அவ்வளவே. ஐந்து சோதனைகளானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். மொத்தத்தில் ஒரு போலி வெற்றியாவது நேரும் வாய்ப்பு ஐந்து சதவீதத்தைத் தாண்டாது. சோதனைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும் இந்த உறுதி நிலைக்கும்.

ஸ்வீடன் நாட்டு ஸ்டூர் ஹோம் 1979 இல் இதனைச் செம்மைப்படுத்தினார். நிகழ்தகவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, முதலாவதை ஐந்தால் வகுத்த வரம்போடும், இரண்டாவதை நான்கால் வகுத்த வரம்போடும் எனப் படிப்படியாக ஒப்பிட்டு, எங்கே தவறுகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு அதேயளவு கிடைக்கிறது. கண்டுபிடிக்கும் ஆற்றலோ கூடுகிறது.

மூன்றாவது வழியை இஸ்ரேல் நாட்டின் யோவ் பெஞ்சமினி, யோசெஃப் ஹாக்பெர்க் ஆகியோர் 1995 இல் வகுத்தனர். ஒரு போலி வெற்றிகூட நேரலாகாது என்று வற்புறுத்துவதற்குப் பதிலாக, வெற்றி என அறிவிக்கப்படுபவற்றுள் போலிகளின் விகிதம் சராசரியாகக் குறிப்பிட்ட அளவைத் தாண்டாமற் பார்த்துக்கொள்வது இதன் நோக்கம். இதனைப் ‘போலிக் கண்டுபிடிப்பு விகிதம்’ எனலாம்.

மூன்றையும் ஒரு கற்பனைக் கணக்கால் ஒப்பிடுவோம். ஐந்து சோதனைகளில் கிடைத்த நிகழ்தகவுகள் 0.004, 0.011, 0.016, 0.030, 0.200 எனக் கொள்வோம். திருத்தம் ஏதுமின்றிப் பார்த்தால் முதல் நான்கும் வெற்றி. பான்ஃபெரோனி முறையில் வரம்பு 0.01, எனவே முதலாவது மட்டுமே தேறும். ஹோம் முறையில் வரம்புகள் முறையே 0.01, 0.0125, 0.0167, 0.025, 0.05, முதல் மூன்று தேறி, நான்காவதில் நின்றுவிடும். பெஞ்சமினி - ஹாக்பெர்க் முறையில் வரம்புகள் 0.01, 0.02, 0.03, 0.04, 0.05, அவற்றுள் நிகழ்தகவு வரம்புக்குள் அமையும் கடைசி இடம் வரை யாவும் ஏற்கப்படும், ஆகவே நான்கு தேறும். ஒரே தரவுகள் ஒன்று, மூன்று, நான்கு என மூன்று விடைகளைத் தருகின்றன. இவற்றுள் எது சரி என்பது கணிதத்தால் தீர்மானிக்கப்படுவதன்று. எந்தத் தவறு நமக்கு அதிக விலை கேட்கும் என்பதைப் பொறுத்தது. ஆகவேதான், எம்முறை கையாளப்படும் என்பதையும் தரவுகளைக் காணுமுன்னரே அறிவித்துவிட வேண்டும்.

இந்திய அறிஞரின் பங்கு

இத்துறையின் வளர்ச்சியில் இந்தியருக்கும் சிறப்பான இடம் உண்டு. மகலனோபிஸ் 1931 இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் உருவானவர்கள் சமரேந்திர நாத் ராயும், ராஜ் சந்திர போஸும். இருவரும் பின்னர் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினர். பல அளவுகளைப் பற்றி ஒரே நேரத்தில் நம்பிக்கையுடன் கூறத்தக்க எல்லைகளை அமைப்பது எவ்வாறு என்பதுபற்றி அவர்கள் இணைந்து எழுதிய கட்டுரை 1953 இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் ஜான் டூக்கியும் ஹென்றி ஷெஃபேயும் இதே சிக்கலுக்குத் தத்தம் விடைகளை முன்வைத்ததும் அவ்வாண்டிலேயே.

நம் வேளாண் ஆய்வு நிலையங்களுக்கு இச்சிக்கல் பழைய அறிமுகம். பான்ஸேயும் சுகாத்மேயும் எழுதி, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1954 இல் வெளியிட்ட புள்ளியியல் கையேடு தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு வந்துள்ளது. வயல் ஆய்வுகளில் இரு இரகங்களின் சராசரி விளைச்சலை ஒப்பிட ‘சி.டி.’ எனச் சுருக்கமாக வழங்கும் ‘கிரிட்டிகல் டிஃபரன்ஸ்’ என்ற அளவு பயன்படுகிறது. முன்னரே குறித்துக்கொண்ட இரு இரகங்களுக்கு இது பொருந்தும். பத்துக் கேழ்வரகு இரகங்களை ஒரு வயலில் பயிரிட்டால் 45 இணைகள் கிடைக்கும். எல்லா இரகங்களும் சம விளைச்சல் உடையனவாகவே இருந்தாலும், மிகக் கூடுதலாக விளைந்ததையும் மிகக் குறைவாக விளைந்ததையும் எடுத்து சி.டி. அளவால் ஒப்பிட்டால், ‘வேறுபாடு உண்டு’ என்ற விடை கிடைக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேற்பட்டது. இதனை நம்பி ஓர் இரகம் பரிந்துரைக்கப்பட்டால், விதைக்கும் உழவர் மறு ஆண்டு அந்தக் கூடுதல் விளைச்சலைக் காணமாட்டார். டூக்கியின் முறையும், ஒரு நிலையான இரகத்தோடு ஏனையவற்றை ஒப்பிட சார்ல்ஸ் டன்னெட் 1955 இல் வகுத்த முறையும் இத்தவற்றைத் தவிர்க்க உதவும். பல ஊர்களில், பல பருவங்களில் ஒரே சோதனையை நடத்திப் பார்க்கும் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டங்களின் அமைப்பும் இதற்குச் சிறந்த பாதுகாப்பு. தற்செயல் ஓரிடத்தில் கைகொடுக்கலாம். எல்லா இடத்திலும் தொடர்ந்து கைகொடுக்காது.

பத்து இலட்சம் வினாக்கள்

மரபணு ஆய்வில் இச்சிக்கல் உச்சத்தை அடைகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையத்தின் தலைமையில் இருபது நிறுவனங்கள் இணைந்து நடத்திய ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதிகளைப் படித்தறிந்தது. 2025 ஜனவரியில் அத்தரவுகள் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டன. இத்தகைய தரவுகளில் ஒரு நோயோடு தொடர்புடைய இடங்களைத் தேடுவோர் ஏறத்தாழப் பத்து இலட்சம் தனித்தனிச் சோதனைகளைச் செய்வதாகக் கொள்ளப்படுகிறது. ஐந்து சதவீத அளவுகோலை அப்படியே வைத்தால், ஒரு மரபணுவுக்கும் நோயோடு தொடர்பில்லாத நிலையிலும் 50,000 போலித் தொடர்புகள் கிடைக்கும். ஆகவே உலகெங்கும் இவ்வகை ஆய்வுகளில் இரண்டு கோடியில் ஒன்று என்ற மிகக் கடுமையான வரம்பு பின்பற்றப்படுகிறது. ஐந்து சதவீதத்தைப் பத்து இலட்சத்தால் வகுத்தால் கிடைப்பது அதுவே.

கடுமையின் விலை

அளவுகோலைக் கடுமையாக்குவது இலவசமாகக் கிடைப்பதன்று. போலி வெற்றிகளைத் தடுக்கும் வேலி உண்மை வெற்றிகள் சிலவற்றையும் தடுத்துவிடும். இது இரண்டாம் வகைப் பிழை எனப்படும். உண்மையான பயனை நூற்றுக்கு எண்பது தடவை கண்டறியும் ஆற்றலோடு ஓர் ஆய்வைத் திட்டமிட்டால், ஐந்து ஒப்பீடுகளுக்கான பான்ஃபெரோனி திருத்தத்துக்குப்பின் அதே ஆற்றலைப் பெற ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நோயாளிகள் தேவைப்படுவர். இருபது ஒப்பீடுகளுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. கூடுதல் நோயாளிகள் என்பது கூடுதல் செலவும் கூடுதல் காலமும் ஆகும். தேவையற்ற வினாக்களைச் சேர்ப்பவர் தேவையான வினாவின் விடையையும் பலவீனப்படுத்துகிறார்.

எல்லா ஆய்விலும் திருத்தம் வேண்டும் என்பதை ஏற்காத அறிஞரும் உளர். அமெரிக்கத் தொற்றுநோயியல் அறிஞர் கென்னத் ராத்மன் 1990 இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய திருத்தங்கள் தேவையில்லை என்றே வாதிட்டார். இயற்கையில் ஒழுங்கான தொடர்புகள் உள்ளன. எல்லாம் தற்செயல் என்ற அனுமானத்தில் தொடங்கினால் முக்கியமான தடயங்களை இழந்துவிடுவோம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு மருந்தின் பக்க விளைவுகளைக் கண்காணிக்கும்போது இவ்வாதம் பெரிதும் பொருந்துகிறது. ஐம்பது தீங்குகளைப் பட்டியலிட்டதால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறியைத் தள்ளிவிடலாம் என்று சொல்ல எவரும் துணியமாட்டார். தேடும் ஆய்வுக்கும் உறுதிப்படுத்தும் ஆய்வுக்கும் வேறுபாடு காண்பதே இவ்விரு கருத்துகளையும் இணைக்கும் வழி. தேடும் ஆய்வு தாராளமாக இருக்கலாம். ஆனால் அது தேடல்தான் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். உறுதிப்படுத்தும் ஆய்வு கண்டிப்பாக இருந்தாக வேண்டும்.

இருவகைப் பிழைகளும் எவ்வாறு கூடி வருகின்றன என்பதைக் காண இன்னொரு கணக்கு உதவும். ஆயிரம் மருந்து மூலங்கள் சோதிக்கப்படுகின்றன. அவற்றுள் ஐம்பது மட்டுமே உண்மையில் பயனுள்ளவை எனக் கொள்வோம். எண்பது சதவீத ஆற்றலோடு அவற்றுள் நாற்பதைக் கண்டுபிடிப்போம். எஞ்சிய 950 பயனற்றவற்றுள் ஐந்து சதவீதம், அதாவது 48 அளவில், தற்செயலாகத் தேறிவிடும். தேறிய 88 இல் பாதிக்கும் மேற்பட்டவை போலி! ஐந்து சதவீத அளவுகோலைக் கடந்த முடிவு நூற்றுக்கு ஐந்தே முறைதான் தவறாகும் என்று எண்ணுவோர் இக்கணக்கை மனத்தில் இருத்துவது நன்று.

திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியவை

வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிடுவோர்க்கும் இச்சிக்கல் புதிதன்று. 2019 - 21 இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 707 மாவட்டங்களுக்குத் தனித்தனியே 100-க்கு மேற்பட்ட குறியீடுகளில் மதிப்பீடு தந்தது. இவை மாதிரிக் குடும்பங்களிலிருந்து பெறப்பட்டவை; எனவே ஒவ்வொன்றுக்கும் பிழை எல்லை உண்டு. ஒரே ஒரு குறியீட்டில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களை இணை இணையாக ஒப்பிட்டாலே 496 ஒப்பீடுகள் வரும். எல்லா மாவட்டங்களும் உண்மையில் சமநிலையில் இருந்தாலும் 25 இணைகள் அளவில் ‘வேறுபாடு உண்டு’ எனத் தோன்றும். நாட்டின் 707 மாவட்டங்களையும் இவ்வாறு ஒப்பிட்டால் இணைகள் 2,49,571. தற்செயலாகத் தோன்றும் வேறுபாடுகள் 12,000-க்கும் மேல். பட்டியலில் ஒரு மாவட்டம் முன்பு பத்தாவதாக இருந்து இப்போது இருபதாவதாக இறங்கியது என்பதைக் கொண்டு அங்குள்ள அலுவலரைக் குறைகூறுமுன், அந்த இறக்கம் பிழை எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது நியாயம். முதலிடம் பெற்ற மாவட்டத்தின் முறையை எங்கும் புகுத்துமுன்னும் அவ்வாறே.

இதனால் குறியீடுகளைக் குறைத்துவிட வேண்டும் என்றோ மாவட்ட அளவிலான கணக்கெடுப்பு வீண் என்றோ கொள்ளலாகாது. தரவுகள் பெருகப் பெருக, அவற்றைப் படிக்கும் ஒழுங்கும் வளர வேண்டும் என்பதே கருத்து. ஓர் ஆய்வறிக்கை முன்வைக்கப்படும்போது நிர்வாகிகள் சில வினாக்களைத் தவறாது கேட்கலாம். மொத்தம் எத்தனை ஒப்பீடுகள் செய்யப்பட்டன? அறிக்கையில் இடம்பெறாதவை எத்தனை? முதன்மை வினா எது, அது எந்த நாளில் எழுத்தில் பதிவாயிற்று? துணைப்பிரிவுகள் தரவுகளைக் கண்டபின் வகுக்கப்பட்டனவா? அளவுகோல் திருத்தப்பட்டதா, எம்முறையில்? இதே முடிவு வேறோர் இடத்தில், வேறொருவரால் மீண்டும் பெறப்பட்டதா? இவ்வினாக்களுக்கு உயர்கணிதம் தேவையில்லை. கேட்கும் வழக்கமே தேவை.

தனியொரு கணக்கீட்டு முறையைவிட இவற்றுள் முதல் இரண்டும் மிக முக்கியமானவை. பான்ஃபெரோனியோ ஹோமோ, செய்யப்பட்ட சோதனைகளின் எண்ணிக்கை மறைக்கப்பட்டால் எதுவும் உதவாது. தோற்ற ஒப்பீடுகளையும் சேர்த்து வெளியிடும் அறிக்கையே நம்பத்தக்க அறிக்கை. பொம்மசந்திராவில் உருவான மாத்திரை ஒன்றின் முதன்மை அளவை நிறைவேறவில்லை என்ற செய்தி 2011 இல் பலருக்கு ஏமாற்றம் தந்திருக்கலாம். ஆயினும் அச்செய்தி வெளிவந்ததனால், பயன் நிறுவப்படாத ஒரு மருந்துக்கு நீரிழிவு நோயாளிகள் பணம் செலவிட நேரவில்லை. அதை நம்பி இன்சுலின் ஊசியை நிறுத்திவிடும் அபாயமும் எவருக்கும் ஏற்படவில்லை.